உங்கள் தம்பியின் தட்டைப் பாதம் விஷயமாக

என் மூத்த நாத்தனாராகிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் தம்பி தலையிலிருந்து முழங்கால் வரை சௌக்கியம். அதற்குக் கீழே நடப்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் முழுசாக சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உங்களிடம் பேச ஆரம்பித்தால் அவர் எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நான் நல்லா இருக்கேன்க்கா" என்று குறுக்கே கத்துகிறார். அதனால் அவர் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் கை. மேடை சமமாகத்தான் இருக்கிறது, அவரே ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் காலையில் ஓடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரையா இல்லையா என்று முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். நீங்களும் போனில், "டேய், நாளைக்கே ஓட ஆரம்பிடா" என்றீர்கள். நீங்கள் சொன்னால் அவருக்கு மறுபேச்சு உண்டா? மறுநாளே எழுந்து, முகம் கழுவி, வாசல் கேட்டைத் திறந்து, அங்கேயே நின்று குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "சரியான ஷூ இல்லாம ஓடினா முட்டி போயிடும், தெரியுமா?" என்று திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த ஷூ தேடும் படலம்.

முதலில் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். சிலருக்குப் பாதத்தின் நடுவில் வளைவே இருக்காதாம், சப்பாத்திக் கட்டையால் உருட்டின மாதிரி தட்டையாக இருக்குமாம். அப்படிப்பட்டவர்கள் ஓடும்போது கணுக்கால் அளவுக்கு மீறி உள்பக்கமாகச் சாயுமாம். அதற்கு ஓவர்ப்ரொனேஷன் என்று பெயராம். அந்த வார்த்தை அவர் வாய்க்கு ரொம்பவே பிடித்துவிட்டது. பால் போடுகிறவரிடம்கூடச் சொன்னார், அந்த மனிதர் பாவம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். "எனக்கு அதுதான். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நம்ம பரம்பரையே தட்டை" என்று இவர் பெருமையாகச் சொல்ல, நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆமா, உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தர் காலும் ஒழுங்கா இல்ல, அதான் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்து சேர்றதில்ல" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, உங்களைச் சேர்த்துச் சொல்லவில்லை.

பாதத்தை நனைத்து ஒரு காகிதத்தில் வைத்தால் தட்டையா இல்லையா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். ஊரெல்லாம் அப்படித்தான் பார்க்கிறதாம். நம்மவருக்கு அது போதவில்லை. "காகிதம் காஞ்சா எல்லாம் போச்சு. நாளைக்கு ஒருத்தன் கேட்டா காட்ட ஒண்ணு வேணாமா?" என்று, பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் ஒரு பழைய தகரத் தட்டில் சிமெண்ட்டும் மணலும் குழைத்து ஊற்றி, பூச்சுக் கரண்டியால் இழுத்து, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, வலது காலை வைத்து எடுத்தார். கலவை தண்ணியாக இருந்ததால் அச்சு நிற்காமல் தானாக மூடிக்கொண்டது. அதற்குள் வேலை நடக்கும் இடத்திலிருந்து போன். உள்ளே போய் யாரையோ நிதானமாகத் திட்டி முடித்துவிட்டு வந்து பார்த்தால், தட்டில் அழகாக ஒரு பாதம் விழுந்திருக்கிறது. நடுவில் மேடு என்று ஒரு துளிகூட இல்லை. "பாத்தியா! தண்ணி வத்தினதும் தானா வெளிய வந்துடுச்சு. சிமெண்ட்டுன்னா சிமெண்ட்டுதான்" என்று பூரித்துப் போனார். எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் கலவை விஷயத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

காய்ந்ததும் அதைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஷூக் கடைக்குப் போனோம். கடையில் இருந்த பெண் மரியாதையாக, "உக்காருங்க சார், காலைக் காட்டுங்க" என்றாள். இவர் பையிலிருந்து பாதத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் இருந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். "சார், காலே இருக்கே, அதையே பாத்துடலாமே? இந்த மெஷின்ல கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றாள். "அச்சு இருக்கும்போது ஆள் எதுக்கும்மா?" என்றார். அவள் விடவில்லை. அவர் கழற்றிவிட்ட செருப்பைத் திருப்பிப் பார்த்து, "உள்பக்கம் சாயறவங்களுக்கு உள்பக்கம்தான் சார் தேயும். உங்களுது வெளி ஓரமால்ல தேஞ்சிருக்கு" என்றாள். "செருப்பு கண்ட இடத்துல தேயும்மா. அத நம்பி ஒரு முடிவு எடுக்க முடியுமா?" என்று இவர் ஒற்றைக் காலில் நிற்க, கடைசியில் அவள் அந்த அச்சையே அளவெடுத்து, அதற்குத் தகுந்தபடி உள்பக்கம் கெட்டியாக முட்டுக்கொடுத்த ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நடந்து பார்த்தார். ஒரு கால் குட்டையான மேஜை மாதிரி வெளிப்பக்கம் வெளிப்பக்கமாக ஆடினார். சாயங்காலம் முழங்கால் வலி. எனக்கென்னவோ ஷூ அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தோன்றியது. அவர், "முட்டு பத்தல, என் கால் அவ்ளோ தட்டை" என்று அதைவிடக் கெட்டியான ஒன்றுக்கு மாற்றினார். வலி அதிகமானது. அதற்கும் கெட்டியான ஒன்று. அந்த ஷூவுக்குள் தன் கையாலேயே ரப்பர் துண்டு வெட்டிச் செருகினார். கடைக்காரப் பெண் இப்போதெல்லாம் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே மாடிக்குப் போய்விடுகிறாள். ஒரு நாள்கூட தெருவில் இறங்கி ஓடவில்லை. ஓட்டமெல்லாம் கடைக்கும் வீட்டுக்கும்தான், அதுவும் பைக்கில்.

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. உங்கள் அப்பாவுக்குக் கடைசியில் பாதத்தில் வந்த அந்தப் புண் ஆறவே இல்லையே, நீங்களும் நானும் மாற்றி மாற்றிக் கட்டுப் போட்டோமே, அப்போது உங்கள் தம்பி அறைக்குள் வராமல் கதவருகே நின்றுகொண்டே இருப்பார். அதே சர்க்கரைதான் இது. அவருக்கும் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். ஓட ஆரம்பித்தால் நோயாளி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், ஷூ தேடிக்கொண்டே இருந்தால் வெறும் வாடிக்கையாளர்தானே. டாக்டர் சொன்ன கெடுவில் பாதிக்கு மேல் போய்விட்டது. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாமல் நீங்கள் அவருக்கு நன்றாக ஒரு டோஸ் விட வேண்டும். "ஷூவும் வேணாம், ஒண்ணும் வேணாம், போய் ஓடுடா" என்று ஒரு வார்த்தை. நான் சொன்னால் நச்சரிப்பு, நீங்கள் சொன்னால் உத்தரவு. அந்தப் பரம்பரைத் தட்டைக் காலைப் பற்றி இந்த வீட்டில் இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. அவர்கள் பாதம் எப்படி இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நடமாடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்
தம்பி மனைவி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அந்தச் சிமெண்ட் பாதத்தைத் துணி துவைக்கும் இடத்தில் போட்டிருந்தேன். முந்தாநாள் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது சும்மா காலை வைத்துப் பார்த்தேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. என் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டிருக்குமே, சிமெண்ட்டிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: அன்று அவர் உள்ளே போனில் திட்டிக்கொண்டிருந்தபோது தூறல் போட்டதென்று கொடித் துணியை அள்ள ஓடினேன், காலில் ஏதோ சில்லென்று பட்டது, சேறுன்னு நினைச்சுக் கழுவிட்டேன். என் காலும் அவர் காலும் ஒரே நீளம் என்று நீங்களே கேலி செய்வீர்களே, அது இப்படி வந்து முடியும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உங்கள் குடும்பத்துக் கால்களைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் என் குடும்பத்துக்கு மாற்றி வாசித்துக்கொள்ளவும்.

கடைசியாக வாங்கிய ஜோடியை நான் மாட்டிப் பார்த்தேன். எத்தனை வருஷமா குதிகால் வலின்னு புலம்பிட்டு இருந்தேன் அண்ணி, தரையே என்னைத் தாங்கிப் பிடிச்ச மாதிரி இருந்துது. அவரிடம் சொன்னேன். என் காலையும் அச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, உன் காலுக்கு எவ்ளோ கரெக்டா ஷூ எடுத்திருக்கேன்!" என்றார்.

நேற்றுக் காலை அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "நில்லு, கணுக்கால் உள்ள சாயுதான்னு பின்னாலேருந்து பாக்கணும்" என்று பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார். நான் நிற்கவில்லை. "மெதுவா போ, ஒண்ணும் தெரியல" என்று தெருமுனை தாண்டியும் கத்திக்கொண்டே வந்தார். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்றைக்கும் வந்தார். அதனால் அவரைத் திட்டிவிடாதீர்கள், பாராட்டியும் விடாதீர்கள். தான் ஓடுவது அவருக்கு இன்னும் தெரியாது, மேற்பார்வை பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்று, மூச்சு முட்டினாலும் நிற்காமல் ஓடுகிறேன்.