தெரசம்மாளும் இன்னொருவரும்

சேசு மரி சூசை

மஞ்சக்குட்டை
13-11-1983, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி தேவசிகாமணிக்கு அக்காள் தெரசம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே மருமகள் ஜெயகுமாரியும் ஆடு மாடுகளும் நலம். நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துப் படித்துக்கொள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எஸ்டேட் கோயிலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பீடத்தில் பங்குச்சாமியார். பக்கத்தில், மன்றாட்டுப் பெட்டியில் விழுந்த சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உபதேசியார் பெரியநாயகம். முதல் வரிசையில் கம்பவுண்டர் மரியஜோசப், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அவருக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் ஞானசுந்தரம். பெண்கள் பக்கத்தில் நான், என் மருமகள், பாட்டுக்காரி சாந்தாமேரி. 1958-ல் என் முறத்தை வாங்கிக்கொண்டு போய் இன்றுவரை தராத அதே சாந்தாமேரிதான். வாசற்படியில் ஜீப் டிரைவர் சின்னையன். அவர் சேர்வராயன் கோயிலுக்குப் போகிற ஆள், ஆனாலும் நம் ஆட்களை இறக்கிவிட்டுப் பூசை முடிகிறவரை அங்கேயே நிற்பார். அப்புறம் நீ. பெஞ்சில் இடமிருந்தும் உட்காராமல் மூன்றாவது தூணைப் பிடித்தபடி பக்தியாக நின்றாய். "உங்க தம்பிக்கு நொம்ப பக்திங்க்கா" என்று சாந்தாமேரி என் காதில் சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என்னைச் சேலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனாய். மூன்று மாதமாகக் கொல்லைக்குப் போகிறபோதெல்லாம் ரத்தம் பார்த்து, இது ஆளைக் கொண்டுபோகிற வியாதி என்று நானே முடிவு கட்டி, யாரிடமும் மூச்சு விடாமல், நான் போன பிறகு எந்தச் சேலை யாருக்கு என்றுகூடப் பிரித்து வைத்திருந்தேன். சாந்தாமேரிக்கு ஒன்றும் வைக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "மூலந்தாம்மா, பயப்படாதீங்க. ரத்தம்னா எப்பவும் காட்டிரோணும், மறைக்கக்கூடாது. ஆறு வாரம் நான் சொல்றபடி ஊட்டுலயே வைத்தியம் பாருங்க. அடங்கலைன்னா ஆபரேஷன்" என்றார். ஆபரேஷனுக்கென்று மலையிறங்கிப் போன உன் மச்சான் எப்படித் திரும்பி வந்தார் என்று உனக்குத் தெரியும். பெட்டியைத் தூக்க நீயும் ஒரு தோள் கொடுத்தாய்.

அன்றைக்கு டாக்டரிடம் நீ கேட்ட கேள்விகளை மறக்கமாட்டேன். தண்ணீர் எவ்வளவு சூடு இருக்கவேண்டும், எத்தனை நிமிஷம் உட்காரவேண்டும், கருவாடு ஆகுமா, பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கெடுதலா. "அக்கா மேல இவ்வளவு பாசமா" என்று டாக்டரே சிரித்தார். எல்லாவற்றையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாய். அக்டோபர் ஏழாம் தேதித் தாள். இன்னும் என் அடுப்பங்கரைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் குப்பனூரிலிருந்து ஏற்காடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாய். அவள் பாதியில் இறங்கிய பிறகும் உட்காரவில்லை. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பூசைக்கு வருகிறேன். உபதேசியார் மழைக்காக ஒரு சீட்டு, காப்பி விளைச்சலுக்காக ஒரு சீட்டு வாசித்தார். மூன்றாவது சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவருடைய அந்த வெண்கலக் குரலில், "மூல நோயால் வருந்தும் நம் சகோதரி தெரசம்மாளுக்காகவும், அதே நோயால் வருந்தும் இன்னொருவருக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்" என்றார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மொத்தக் கோயிலும் சொன்னது. ஈஸ்டருக்குக்கூட அந்தச் சனம் அவ்வளவு சத்தமாக வாய் திறந்ததில்லை. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

என் நோய் தெரிந்தவள் வீட்டில் ஒருத்திதான் என்று அன்றைக்கே ஜெயகுமாரியோடு பேச்சை நிறுத்தினேன். அவள் சாமைச் சோறு வடித்து வைப்பாள், கீரை கடைந்து வைப்பாள், கொய்யாப்பழம் அரிந்து வைப்பாள், நீர்மோரைச் செம்பு செம்பாக வைப்பாள். நான் எல்லாவற்றையும் தின்பேன், முகத்தை மட்டும் பார்க்கமாட்டேன். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் துணியில் கட்டித் தருவாள், அது என் பக்கத்து வீட்டுக் கண்ணாயி சொன்ன பக்குவம், டாக்டர் சொன்னதல்ல. அதையும் வாங்கிக்கொள்வேன், பேசமாட்டேன். பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் காப்பிப் பழம் அலசுகிற பீங்கான் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நீ எழுதிக் கொடுத்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்து எழப் போனேன், தம்பி, எழ முடியவில்லை. அந்தப் பேசின் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் எழுந்தால் அதுவும் எழுகிறது. ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் கதவைப் பார்த்து, "தூக்கு" என்றேன். பன்னிரண்டு நாள் கழித்து என் மருமகளோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். ஒரு கையால் பேசினையும் ஒரு கையால் என்னையும் பிரித்தெடுத்து, சேலையைச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் அழுதாள். "நான் எழுதலைங்க அத்தை. எழுதறதா இருந்தா உங்க பேருக்குப் பதிலா எம் பேரைப் போட்டிருப்பனுங்க. சின்னவளுக்கு நோவுன்னா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க, உங்களைய நெனைச்சு நெனைச்சுப் பேசுவாங்க" என்றாள். பிரித்து வைத்த சேலைகளில் பச்சைப் பட்டு அவளுக்கென்று அன்றைக்கே மாற்றி வைத்தேன்.

இதற்கு நடுவில் நடந்ததுதான் வேடிக்கை. சீட்டு வாசித்த மறுநாள் திங்கட்கிழமையே கம்பவுண்டர் மரியஜோசப் பேரிக்காய் வாங்குவது போல வந்தார். பேரிக்காயைத் தடவிக்கொண்டே, "ஏனுங்க்கா, அந்த இன்னொருத்தருன்னு படிச்சாரே, என்னையத்தான் யாராச்சும் எழுதிட்டாங்களா" என்றார். ஊருக்கே மருந்து கொடுக்கிறவர். அவர் போனதும் ஹெட்மாஸ்டர் வந்தார், அவருக்கும் அதே சந்தேகம். "நாற்காலியிலேயே இருபது வருசமுங்க, யாருகிட்டச் சொல்றது" என்றார், நின்றபடியே. புதன்கிழமை சின்னையன் வந்தார். "நான் உங்க கோயில்காரனே இல்லைங்களே, எனக்காக எதுக்குங்க மன்றாடுனாங்க" என்று கேட்டார். ஜீப் சீட்டில் தலையணை போட்டு ஓட்டுவது குளிருக்கென்று நாமெல்லாம் நினைத்திருந்தோம்.

ஒரு வாரத்தில் என் வீடு ஆஸ்பத்திரி போல ஆகிவிட்டது. உன் தாளைச் சுவரில் காட்டி எல்லாரையும் படிக்கச் சொன்னேன். தண்ணீர் நிறையக் குடி, வந்தபோது போ, அடக்காதே, முக்காதே, போன இடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு குந்தியிருக்காதே, மிளகாயைக் குறை, தினம் நட. ஹெட்மாஸ்டர் அதைப் பெரிய எழுத்தில் நகலெடுத்துக்கொண்டு போனார். சாந்தாமேரிகூட வந்தாள். முறத்தோடு வந்தாள். இருபத்தைந்து வருஷம் கழித்து அதில் துத்தி இலை பறித்துக்கொண்டு வந்தாள். முறம் என்னுடையதுதான், மூலையில் நான் போட்ட பித்தளைக் கம்பிக் கட்டு அப்படியே இருக்கிறது.

எனக்கு ரத்தம் நின்று பதினேழு நாள் ஆகிறது. வீக்கம் சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வருகிற வெள்ளி பதினெட்டாம் தேதியோடு ஆறு வாரம் முடிகிறது. டாக்டர் கத்தி வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நெஞ்சு சொல்கிறது, ஆனாலும் அவர் வாயால் கேட்கிறவரை எனக்குத் தூக்கம் வராது. ஆகையால் அந்தச் சீட்டை எழுதியவர் யாரானாலும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சாந்தாமேரியையும் மன்னித்துவிட்டேன். மாதாவும் சூசையப்பரும் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும், நாத்தனார் முறையில் நான் செய்த குற்றங்குறைகளை உன் மனைவி மறக்கட்டும், நான் அவளுடையதை மறக்க முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு
உன் அக்காள் தெரசம்மாள்

பின்குறிப்பு (திங்கட்கிழமை): மேலே எழுதியதை நேற்றுக் காலையிலேயே முடித்துவிட்டேன். நேற்றுப் பூசை முடிந்து உபதேசியார் அந்தச் சீட்டைத் தேடியெடுத்து என் கையில் கொடுத்தார். அது நாள்காட்டித் தாள். அக்டோபர் எட்டாம் தேதி. என் சுவரில் இருக்கிற ஏழாம் தேதிக்கு அடுத்தது. இரண்டிலும் ஒரே ஜவுளிக்கடைப் படம், ஒரே பச்சை மை. அதைப் பார்த்ததும் தூண் ஞாபகம் வந்தது, பஸ் ஞாபகம் வந்தது, 1979-ல் என் மகன் கல்யாணப் பந்தியில் உட்காராமல் பரிமாறியே தீருவேன் என்று நீ அடம் பிடித்தது ஞாபகம் வந்தது. நாலு வருஷமா, தம்பி? நான் செத்துப்போவேன் என்று சேலை பிரித்துக்கொண்டிருந்தபோது, "எனக்கும் இருக்குதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் பாதி நோய் அன்றைக்கே போயிருக்குமே. என் பேரை எழுதியதற்காக அல்ல, உன் பேரை எழுதாததற்காகத்தான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் நில். எனக்கொரு டோக்கன், உனக்கொரு டோக்கன், உன் பேரை நீயே சொல்லி வாங்கு. ஜெயகுமாரி பெரிய பேசின் ஒன்று உனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். நீ வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வாசிக்க உபதேசியாரிடம் ஒரு சீட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அதில் இன்னொருவர் என்று இல்லை. இந்த மலையில் எல்லாரையும் மன்னித்தாயிற்று, மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரே ஒரு ஆளைத்தான், அவன் பேரை முழுசாக எழுதியிருக்கிறேன்: ரிட்டையர்டு எஸ்டேட் ரைட்டர், சேலம், தேவசிகாமணி.