தோள்பட்டைக்கு வந்த சீர்

உடம்புக்கு முடியவில்லை என்பதை நம்மேல் பாசமில்லாதவர்களிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். அவர்கள் 'அப்படியா' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாசமுள்ளவர்கள் ஏதாவது செய்துவிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தோள்பட்டை செலவானது.

நான் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். போர்டில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறெதுவும் உருப்படியாக வராது (சமையலைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள்). ஒருநாள் எருமப்பட்டி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது டிரைவர் போட்ட பிரேக்கில் வலது தோளின் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. ஜூனுக்குள் போர்டில் எழுத முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்பு எனக்குத்தான், முடியாவிட்டால் யோசிக்கலாம் என்றார்கள் பள்ளியில். அந்த 'யோசிக்கலாம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பயந்துபோனேன்.

பிசியோதெரபி நிலையத்தில் ஒரு மிஷின் இருந்தது. அதில் உட்கார்ந்து, தலைக்கு மேலே தொங்கும் கம்பியை நெஞ்சுவரை இழுக்க வேண்டும். பின்னால் இரும்புப் பலகைகள் அடுக்கடுக்காக இருக்கும். எத்தனை பலகை தூக்க வேண்டுமோ அதற்குக் கீழே ஒரு ஊசியைச் செருகினால், அதுவரைதான் மேலே வரும். எனக்கு உச்சியில் இருக்கும் ஒற்றைப் பலகை மட்டும்.

"மெதுவா இழுங்க மேடம், அதைவிட மெதுவா விடுங்க" என்பார் பிசியோ பெண். "வலி போனாலும் நிறுத்திராதீங்க. மறுபடி கிழியாம இருக்கத்தான் இது."

கோடை விடுமுறையில் ஒருநாள் வலது கையையும் மேலே தூக்கி நானே தலை பின்னிக்கொண்டேன். கல்யாணத்தன்றுகூட கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

இந்த இடத்தில்தான் செங்கோடண்ணன் வருகிறார். என் கூடப்பிறந்த அண்ணன், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தவர் அந்த மிஷினையே சுற்றிச் சுற்றி வந்தார். டேப்பை எடுத்து அளந்தார், போனில் படம் பிடித்தார். பிசியோ பெண் முறைத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"இதுக்கா அம்மிணி பஸ்ஸுல இடிபட்டு வார? இவனுங்க பண்ணி வெச்சிருக்கறதும் ஒரு வேலையா!" என்றார் வண்டியில்.

ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். அங்கேயே தடுத்திருக்க வேண்டும்.

வைகாசியில் எருமப்பட்டியில் எங்கள் புதுவீடு புகும் விசேஷம். பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டிய நேரத்தில் மேளச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். முன்னால் பெண்கள் தேங்காய், பழத் தட்டுகளோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மினி லாரி. அதன்மேல் மாலை போட்டு, திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டி, மஞ்சளும் பச்சையுமாகப் பூப்போட்டு நின்றது என் பிசியோ மிஷின் மாதிரியே ஒன்று. பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது (பெயிண்டர் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டாராம்).

"எடை மிசினுங்களா? ஏறி நின்னா சீட்டு வருங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"கைவலிக்குங்க" என்றார் அண்ணன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அப்பா இருந்தா பவுனு போட்டிருப்பாரு. நமக்குத் தெரிஞ்சது இரும்பு."

பட்டறையில் மற்ற வேலையையெல்லாம் நிறுத்திவிட்டு இதையே செய்திருக்கிறார் என்று அண்ணி காதோரம் சொன்னார்.

ஆட்கள் சேர்ந்து அதை ஹாலில் இறக்கினார்கள். நான் பின்னால் போய் ஊசியைத் தேடினேன். ஊசியும் இல்லை, ஊசி செருக ஓட்டையும் இல்லை.

"அண்ணா, அந்த ஊசி எங்கீங்க?"

"அதையேன் கேக்கற! அத்தன இரும்பையும் ஒத்தை ஊசில தொங்க உட்ருக்கறானுங்க. நழுவி உன்ற மேல உழுந்தா? நான் எல்லாப் பலகையையும் ஒண்ணாச் சேத்தி வெல்டு வெச்சுட்டேன். கொல்லிமலை ஏறி எறங்குனாலும் அசையாது, நீ வெசனப்படாத."

அசையாது என்பதுதான் என் வெசனமே. இனி இழுத்தால் அத்தனை பலகையும் சேர்ந்துதான் மேலே வர வேண்டும்.

"ஒருக்கா இழுத்துக் காட்டு சாமி" என்றார் பாவாயி அத்தை, அப்பாவின் அக்கா. "பொறந்தவன் ஆசையாக் கொண்டாந்தத தொட்டுப் பாக்காம நிக்கற."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வீடியோக்காரர் விளக்கைப் போட்டுவிட்டார், அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா பிடித்து இழுக்கிற மாதிரி நடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். (கணக்கு டீச்சர்!)

பட்டுச்சேலையோடு உட்கார்ந்து கம்பியைப் பிடித்தேன். அது அசையவில்லை. நினைத்தபடியே நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தபோது அண்ணன் பின்னாலிருந்து வந்தார்.

"புதுசு, கொஞ்சம் டைட்டா இருக்குது" என்று அவரே கம்பியை என் நெஞ்சுவரை அழுத்தி இறக்கினார். "இப்பப் புடிச்சுக்க" என்று கையை எடுத்துவிட்டார்.

விட்டிருக்க வேண்டும், நான் பிடித்துக்கொண்டேன். கம்பி என்னையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. தோளுக்குள் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். இருக்கையில் திரும்பி விழுந்தபோது கண்ணில் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"அண்ணன் சீரப் பாத்து அழுகறா பாரு!" என்றார் அத்தை, தானும் மூக்கைச் சிந்திக்கொண்டே. அண்ணி அழுதார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். வீடியோவில் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு, ஒரு சோகப் பாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்றுவரை யார் பார்த்தாலும் அழுகிறார்கள்.

பாதி கிழிந்திருந்தது முழுசாகக் கிழிந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் ஆனது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன், உண்மை என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு வேறொருவருக்குப் போனது. பள்ளியில் யோசித்து, எனக்கு விடுதிப் பிள்ளைகள் படிக்கும்போது தூங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். போர்டு இருக்கும் அறைகளை எட்டிப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். மிஷினை ஹாலைவிட்டு நகர்த்த யாராலும் முடியவில்லை. அண்ணன் வரும்போதெல்லாம் அதற்குக் கிரீஸ் போட்டுவிட்டு, "டெய்லி இழுத்திருந்தா கை இப்படியா இருக்கும்?" என்று கடிந்துகொள்வார். மிஷின் கொடுத்தும் கை தூக்காத சோம்பேறி என்பதுதான் சொந்தத்தில் எனக்கு இப்போதுள்ள பெயர்.

போன மாதம் மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம், எல்லோரும் அட்சதையை ஓங்கி வீசினார்கள். வலது கையில் அரிசியோடு நான் தடுமாறுவதைப் பாவாயி அத்தை பார்த்துவிட்டார்.

"கையத் தூக்கிப் போடு சாமி! அண்ணன் ஒரு லாரி இரும்பக் கொண்டாந்து எறக்கியும் உன்ற கை மேல எந்திரிக்க மாட்டீங்குதே!"

மண்டபமே சிரித்தது. அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வீசினேன். அரிசி மேடைக்கு எட்டாமல் முன்வரிசையில் இருந்த அண்ணன் தலையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை, திரும்பிப் பார்த்து, "நல்லா இரு சாமி" என்றார்.