நான் மனிதன் என்று நம்பவைத்த நாள்

நான் கதைப்பது குறைவு. ஓம், இல்லை, சரி. இதை வைத்துத்தான் ஆட்டோ ஓட்டினேன், குடும்பமும் நடத்தினேன். அது நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் சப்னா கெம்பஸில் கம்பியூட்டர் படித்தாள். கேமிலும் சமூக வலைத்தளங்களிலும் ஆள் மாதிரி நடிக்கிற புரோகிராம்கள் உண்டாம். பெயர் பொட். எது பொட், எது மனிதன் என்று கண்டுபிடிக்க அவள் ஒரு புரோகிராம் செய்திருந்தாள். அதுதான் கடைசி வருட ஆராய்ச்சி. படிப்பிக்கிற சேர்மார் முன்னால் அது சரிவராவிட்டால் பட்டம் பிந்தும்.

அன்று அவளை நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். சோதனையில் மனிதனாகப் பதில் போட வரவேண்டிய ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்.

"வாப்பா, நீங்க இரிங்க. போன்ல கேள்வி வரும். மனிசன் மாதிரிப் பதில் போட்டாக் காணும்."

(மனிசன் மாதிரி! அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

மனைவிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். பழக்கமில்லாத வாய் எதையாவது உளறிவிடும் என்று பயந்துவிட்டாள். "கண்டதையும் கதைச்சிப் புள்ளைட மானத்த வாங்கிராதீங்க. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

"ஓம்."

பக்கத்து அறையில் இருத்தினார்கள். கேள்விகள் வந்தன.

என்ன சாப்பிட்டீர்கள்? சோறு.

என்ன கறி? மீன்.

கோபம் வருமா? இல்லை.

யார் மீதாவது அன்பு உண்டா? இதற்கு வெட்கமாகிவிட்டது. ஓம் என்று போட்டேன்.

சோதனைக்காக மகள் ஒரு பொட்டும் செய்திருந்தாள். அதே கேள்விகள் அதற்கும் போயின. அதற்குப் பேச்சுப் பழக்கியது அவளுடைய உம்மாவின், அதாவது என் மனைவியின், மெசேஜ்களை வைத்து. அது எழுதியதாம்: "சூரை மீன் ஆணம். உப்புக் கூடிட்டு. அதுக்கும் இந்த மனிசன் வாயத் தொறக்கல்ல. கோபம் வராம என்ன செய்யும்?"

கைதட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒருவருடைய பதில்களுக்கு மட்டும் சிவப்பு, பொட் என்று.

"சரியாப் புடிச்சிரிக்கி," என்றார் சேர். "வாசிக்கக்குள்ளயே மிஷின் எண்டு தெரியுது. இது யாரு செஞ்ச?"

மகளின் முகம் கறுத்துவிட்டது. "சேர், அது... என்ட வாப்பா."

"வாப்பா செஞ்சதா?"

"இல்ல சேர். வாப்பாதான்."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். நான் நின்றேன்.

"நீங்க மனிசனா?" சேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஓம்."

அறை சிரிப்பில் வெடித்தது. மகளுக்குக் கண் கலங்கியது. அதைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்தது.

"சேர், புள்ளையில பிழையில்ல. என்ட மனிசியும் இதத்தான் சொல்லுற. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு..."

தொடங்கியது நிற்கவில்லை. பெண் பார்க்கப் போய் ஒரு சொல்லும் பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தது, உப்புக் கூடிய ஆணம், ஆட்டோவில் ஏறி ஊர்க்கதை கேட்கிற ஆட்கள், எல்லாம் வந்தது.

"காணும், காணும், நம்புறம்!" என்றார் சேர். பிறகு மகளிடம், "மிஷின் மனிசனாகிட்டு, மனிசன் மிஷினாகிட்டார். ஏன் எண்டு எழுதுங்க. அதுதான் ஆராய்ச்சி."

எழுதினாள். பாஸானாள்.

பிறகு அவளுடைய நிக்காஹ். மௌலவி என்னிடம் கேட்டார், "சம்மதமா?"

"ஓம்."

பெண்கள் பக்கமிருந்து மனைவியின் சத்தம்: "மௌலவி, அவர நம்பாதீங்க! இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்க!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. மௌலவியும் விடவில்லை. "மாப்பிள்ள எப்பிடி?"

"நல்லம்," என்றேன்.

காத்திருந்தார்கள்.

"கதைக்கிறதுதான் கூட."

மருமகன் அதை இன்னும் மறக்கவில்லை.