தவளை விளையாட்டும் எங்கள் வெந்நீர்க் குழாய்களும்

எங்கள் மலையூரில் அக்டோபர் பதினைந்தாம் தேதி வீடுகளுக்குச் சூடு திறந்துவிட வேண்டும் என்பது சட்டம். கொதிகலனிலிருந்து வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் ஓடிவரும். சட்டம் ஒரு வருடமும் தவறியதில்லை. சூடுதான் அவ்வப்போது தவறும்.

கவலைப்பட எனக்கு எப்போதும் காரணம் தேவைப்பட்டதில்லை. அந்த வருடம் காரணமும் இருந்தது. என் தங்கை அய்சுரெக்குக்கு முதல் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு என் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். என் வீட்டிலோ வாளித் தண்ணீரின்மேல் பனி ஏடு கட்டியிருந்தது.

சந்தையில் விளையாட்டுப் பெட்டிகள் வந்து குவிந்ததும் அந்த வருடம்தான். பெட்டியை டிவியோடு இணைத்தால் திரையில் ஒரு தவளை வரும். மேலிருந்து வண்ணப் பானைகள் விழும். தவளை ஓடி ஓடித் தலையில் தாங்கி அடுக்க வேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் மறையும். சேராவிட்டால் பானைகள் கூரை தொடும், தவளை சாகும். இவ்வளவுதான். இதற்காக ஆட்டிறைச்சி வாங்குவதை நிறுத்திய குடும்பங்கள் உண்டு. பெட்டி இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

உடனே மாவட்ட நிர்வாகம் விழித்துக்கொண்டது. 'மேற்படி விளையாட்டு பொதுமக்களுக்குத் தீங்கானதா என்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆராய்ந்து அறிக்கை அளிக்கவும்' என்று உத்தரவு போட்டது. அந்தப் பொறுப்பு, ஊருக்குச் சூடு திறந்துவிடும் வெப்ப அலுவலகத்துக்கு வந்தது. மற்ற அலுவலகங்கள் தங்களுக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டன. வெப்ப அலுவலகத்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அங்கே அதிகாரி துர்துபெக். மனசாட்சிக்கு அஞ்சுபவர். 'முடிவு வரை' என்று எழுதியிருந்ததால் முடிவைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று டிவி முன் உட்கார்ந்துவிட்டார்.

நான் போனபோது அவர் திரும்பவில்லை.

"துர்துபெக் அண்ணே, சூடு எப்ப வரும்? தங்கச்சி புள்ளையோட வர்றா."

"பேசாதீங்கம்மா. பச்சை வருது."

"அண்ணே, புள்ளைங்க."

"வரட்டும். இப்பப் பச்சைதான் வரணும்."

பக்கத்தில் கணக்காளர் பக்தகுல் இருந்தாள். அவளும் ஆய்வுக் குழுவில் உறுப்பினர். "அக்கா, ஆய்வு நடக்குது. நடுவுல நிறுத்துற பட்டன் விக்கும்போதே வேலை செய்யல. அணைச்சா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்தப் பெட்டிக்கு ஞாபகமே கிடையாது."

"முடிவு எப்ப வரும்?"

"அதைத்தானே ஆராய்றோம்."

முடிவு வரவில்லை. பானைகள் வேகமாக விழுந்தனவே தவிர, நிற்கவில்லை. போதாக்குறைக்குத் தினமும் சாயங்காலம் ஊரில் மின்சாரம் போகும். தவளை மறைந்துவிடும். அரசின் ஆய்வு மறுபடி முதல் பானையிலிருந்து தொடங்கும்.

இதைச் சரிசெய்யத் துர்துபெக் ஒரு வழி கண்டார். மின்வெட்டே இல்லாத கம்பி ஊரில் ஒன்றே ஒன்று. வெந்நீரைத் தள்ளுகிற பம்புக்கு வரும் கம்பி. பம்பு ஓடாததால் அது சும்மா கிடந்தது. அதைக் குழுவின் டிவிக்கு இழுத்துக்கொண்டார்கள். விரல் விறைத்தால் ஆய்வு கெடும் என்று ஒரு மின்னடுப்பும் அதிலேயே மாட்டப்பட்டது. பிறகு பம்பை ஓட்டச் சொன்னால், கம்பி உபயோகத்தில் இருக்கிறது என்றார்கள். பம்பு ஓடாததால் கம்பி சும்மா இருந்தது. கம்பி சும்மா இல்லாததால் பம்பு ஓடவில்லை. இதில் எங்கே தப்பு என்று என்னால் காட்ட முடியவில்லை. நான் பாதியில் படிப்பை விட்டவள்.

நாளைக்குக் குழந்தை வருகிறது என்றபோது எங்கள் அடுக்குமாடிக் கட்டடத் தலைவி சாய்ரகுலிடம் ஓடினேன். அவளுக்கு அவள் புருஷன் பயப்படுவான், வரி அதிகாரியும் பயப்படுவார். நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"என்னப்பா துர்துபெக், சூடு திறக்கக் கையெழுத்துப் போடுறியா, வயரைப் புடுங்கட்டுமா?"

"போட மாட்டேன்னா சொன்னேன்? எனக்கு ரெண்டு கைதான் அக்கா. ரெண்டும் அரசாங்க வேலைல இருக்கு."

"அந்த ஜாய்ஸ்டிக்கை இங்க குடு. நான் புடிச்சுக்கறேன். நீ போடு."

அவர் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். பெருந்தன்மையான மனிதர். அதன் கீழே கட்டடத் தலைவியின் கையெழுத்து வேண்டும். நான் காகிதத்தைச் சாய்ரகுலிடம் நீட்டினேன்.

"இரு பூபுஷ். மஞ்சள் ரெண்டு நிக்குது."

"நாளைக்குக் குழந்தை வருதுடி."

"வரட்டும்டி. மூணாவது மஞ்சள் வந்ததும் போடுறேன்."

"எடப்பக்கம், எடப்பக்கம்," என்றார் துர்துபெக் பின்னாலிருந்து. "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

"வாயை மூடு. இவ்வளவு நாளா நீ கிழிச்சதைத்தான் பாத்தேனே."

நான் வயரைப் பார்த்தேன். பார்த்ததுதான். "ஆய்வுக்கு இடைஞ்சல் பண்ணாதே அக்கா," என்று ஒரு குரல் வந்தது. என்னோடு புகார் சொல்ல வந்தவளின் குரல் அது.

மறுநாள் அய்சுரெக் குழந்தையோடு வந்தாள். ஊரில் சூடான அறை ஒன்றுதான் இருந்தது. தொட்டிலைக் கொண்டுபோய்க் குழுவின் மின்னடுப்பு அருகே வைத்தோம். தவளை குதிக்கும்போது ஒரு பாட்டு வரும், டிங்கு டிங்கு என்று. அதைக் கேட்டதும் குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. பக்தகுல் அறிக்கையில் எழுதினாள்: 'கைக்குழந்தை உள்ளிட்ட பொதுமக்களிடமிருந்து வெப்பம் தொடர்பாகப் புகார் ஏதும் இல்லை.'

குளிர்காலம் முழுக்கக் கட்டடமே அங்கேதான் இருந்தது. தேநீர் கொண்டுவந்தார்கள், போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகள் கொண்டுவந்தார்கள். சாய்ரகுலின் கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதத்தின்மேல் போர்சோக் தட்டை வைத்தோம். மற்றவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் மட்டும் நானும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருப்பேன். எனக்குச் சிவப்பு நன்றாக வரும்.

மே மாதம் மாகாணத்திலிருந்து ஒரு பாராட்டு வந்தது. கடுங்குளிரிலும் இரவுபகலாக ஆய்வு நடத்திய ஒரே குழு எங்களுடையதுதானாம். ஆகையால் ஆய்வை இனி உயர்நிலைக் குழு தொடரும் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துப்போனார்கள்.

கம்பி சும்மா ஆயிற்று. போர்சோக் தட்டுக்கு அடியிலிருந்த காகிதத்தில் சாய்ரகுல் கையெழுத்துப் போட, பம்பு ஓடியது. வெளியே வாதுமை பூத்திருந்தபோது எங்கள் வீட்டுக் குழாய்கள் கொதித்தன. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியைத் திருப்பித் தரக் கோரி மனு எழுதினோம். சூட்டுக்காக நாலைந்து பேருக்குமேல் சேராத கட்டடத்தில் இதற்கு ஒருவர் பாக்கியில்லை. முதல் கையெழுத்து துர்துபெக்குடையது. சாய்ரகுல் கேட்பதற்கு முன்பே போட்டாள்.

நான்தான் கொஞ்சம் தயங்கினேன்.

"போட்டுத் தொலை அக்கா," என்றாள் அய்சுரெக், வியர்வையில் நனைந்து அழுகிற குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே. "அந்தப் பாட்டு இல்லாம இவ தூங்க மாட்டேங்கறா."

போட்டேன். குழந்தைக்காகத்தான்.

மாகாணத்திலிருந்து பதில் வந்தது: உயர்நிலைக் குழு ஆய்வில் இருக்கிறது, நடுவில் நிறுத்த இயலாது. அந்த மாகாணத் தலைநகரத்தில் வரும் குளிர்காலத்துக்குச் சூடு வராது என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அவர்களுக்கென்ன, பெட்டி இருக்கிறது.