எட்டு மணியிலிருந்து ஓடும் லைசென்ஸ்

"லைசென்ஸ் வேறு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது" என்று திரை நான்காவது முறையாகச் சொன்னதும் ஜிபார் மேஜையை ஓங்கி அறைந்தாள்.

மழலையர் பள்ளிக் கட்டட வரைபடம் ஐந்து மணிக்குள் பிஷ்கெக் நகராட்சிக்குப் போயாக வேண்டும். தவறினால் கட்டடம் அடுத்த வருஷம்தான். அந்தப் பள்ளியில் இடம் கேட்டுக் காத்திருக்கும் வரிசையில் அவள் மகன் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்.

அதற்கான பழைய வரைபடம் மென்பொருளின் பழைய பதிப்பில்தான் திறக்கும். நகராட்சியோ புதிய பதிப்பில்தான் வாங்கும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டிருந்தாள்; கம்ப்யூட்டரைப் போட்டாலே மென்பொருள் தானாக ஓடத் தொடங்கும். அதுதான் தகராறு என்று பழையதை அழித்தாள். திரை அதே பாட்டைப் பாடியது. பழைய வரைபடமும் திறக்காமல் போயிற்று.

உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"ஒரே மெஷின்ல ரெண்டு வெர்ஷன் வெச்சுக்கலாம் மேடம். ரெண்டு மெஷின்லதான் ஓட்டக் கூடாது."

"எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான்யா!"

"இன்னொரு மெஷின்ல உங்க பழைய வெர்ஷன் காலைல எட்டு மணிலேருந்து ஓடுதே!"

காசு கொடுத்து வாங்கியவள் கெஞ்சுகிறாள், எவனோ ஓசியில் ஓட்டுகிறான்! ஜிபாருக்கு ரத்தம் கொதித்தது. எதிர் மேஜை ரீஸ்பெக்கைப் பார்த்தாள்.

"வீட்டுல போட்டு ஓட்டறது நீதானே?"

"அக்கா, நானா திருடன்?"

"வேற யாரு, உங்கப்பனா?"

ரீஸ்பெக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நகராட்சிக்கு அனுப்பத் தேவையான மின்கையெழுத்துச் சாவி அவன் கோட்டுப் பையில் இருந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை.

மணி நாலே கால். ஜிபார் மறுபடி உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

"அந்தத் திருட்டு மெஷினைப் பூட்டுங்க!"

"லைசென்ஸையே பூட்டணும் மேடம். உங்களோடதும் நாளைக்கு வரைக்கும் திறக்காது."

"பரவால்ல! அவன் நாசமாப் போகட்டும், பூட்டுய்யா!"

பூட்டினான். அவள் திரை அணைந்தது. அதே நொடியில் மேஜைக்கு அடியில் ஏதோ 'டொய்ங்' என்றது.

தரை துடைத்துக்கொண்டிருந்த துர்சுன் அக்கா குனிந்து பார்த்தாள்.

"அடடா, உன்னோட இந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிதாம்மா நின்னு போச்சு. போன வாரம் காலு வெறைக்குதுன்னு அந்தக் கத்து கத்தினியே, அதுலேருந்து உன் காலுக்கு வெதுவெதுன்னு இருக்கட்டும்னு தினமும் எட்டு மணிக்கு நான்தான் போட்டு விடறேன்."