ஒரு தட்டு தட்டினால் நிற்கும்

புத்தூர், திருச்சி
வியாழக்கிழமை காலை தொடங்கியது

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அருள்நாதன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரர் சவரிநாதன் புத்தூரிலிருந்து எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அமலராணியும் சுகம். மணப்பாறையில் நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். கையெழுத்து யாருடையது என்று திகைக்க வேண்டாம், என்னுடையதுதான். இத்தனை காலம் நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் என் கடிதங்களை எழுதினீர்கள். இப்போது எழுபத்திரண்டாவது வயதில், பங்குக் கோயிலுக்குப் பின்னால் நடக்கும் முதியோர் வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்து, சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா! ஒரே ஒரு வருத்தம், முதல் கடிதத்திலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் மகள் பெலிண்டா எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினீயரிங் படித்தபோது, ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே செய்தாள் அல்லவா? ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது அதைப் பெட்டியில் போட்டு எங்கள் அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனாள் அல்லவா? அதை நான் எடுத்து ஓட்டிவிட்டேன் மச்சான். உடைத்தும்விட்டேன். அடுத்த சனிக்கிழமை அவள் வருகிறாள். அதற்குள் நீங்கள் அவளிடம் பக்குவமாகப் பேசி இரண்டு காரியம் முடித்துத் தர வேண்டும். ஒன்று, என்மேல் கோபப்படக் கூடாது. இன்னொன்றுதான் முக்கியம். விமானத்தை ஓசூருக்குக் கொண்டுபோகாமல் என்னிடமே விட்டுவைக்க வேண்டும். இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் இனி என்னால் இருக்க முடியாது.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்காள் பக்கத்தில் நின்று நடுநடுவே திருத்துவாள். கடிதத்தில் அது முடியாது.

குற்றம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அந்தப் பெட்டி இரண்டு வருஷம் அலமாரி மேல் இருந்தது. அதன்மேல் பெலிண்டா பெரிய எழுத்தில் என்னமோ எழுதியிருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியாத வரைக்கும் நான் அதைத் தொடவே இல்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்து ஆறாம் மாதம், கட்டிலில் படுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தால், எழுத்து ஒவ்வொன்றாகச் சேர்ந்து நின்றது. ‘யாரும் தொடாதீங்க.’ மச்சான், யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகப் படித்த முதல் வாசகம் அது! எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் பெட்டியைக் கீழே இறக்கினேன். இறக்கியதைத் திறக்காமல் எப்படி மேலே வைப்பது?

(இங்கே நிறுத்தி, வாசலுக்குப் போய் காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். கொடியில் அமலராணியின் புடவை படபடவென்று அடிக்கிறது. இன்றைக்குப் பறக்க முடியாது. “லெட்டர் எழுதுறீங்களா, என் புடவையப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?” என்கிறாள். இரண்டும்தான்.)

பெலிண்டா படிக்கிற காலத்தில் அவளுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனவன் நான். ஆகையால் எந்த ஒயரை எங்கே சொருகுவது என்று தெரியும். ரிமோட்டில் இடது குச்சி வேகம், வலது குச்சி திருப்பம். இவ்வளவுதானே என்று கூடத்தில் தரையில் வைத்து இடது குச்சியை ஒரு நெல் அளவு தள்ளினேன். அது கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, நீங்கள் அனுப்பிய முறுக்கு டின்மேல் மோதி நின்றது. முறுக்கு பஸ்ஸில் நொறுங்கிவிட்டது என்று நான் போனில் சொன்னது பொய். நொறுங்கியது மட்டும் உண்மை.

வீட்டுக்குள் இது சரிப்படாது என்று அடுத்த ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், “பெட்டியில என்ன பெரியவரே?” என்றார். ஏரோபிளேன் என்றேன். “அப்புறம் பஸ்ஸுல எதுக்கு வர்றீங்க, அதுலயே போகவேண்டியதுதானே?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாலத்தில் பஸ் நின்று நின்று போனபோது என் கால் தரையில் நிற்கவில்லை. எட்டு மணி தாண்டினால் ஆற்றுக்காற்று எழும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எனக்குப் பூசையிலும் இதே பாடுதான். சாமியார் பிரசங்கத்தை நீட்ட நீட்ட, என் கண் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டவர் மன்னிக்க வேண்டும். காற்றையும் அவர்தானே விடுகிறார்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே கொள்ளிடக் கரையில் ஒரு பொட்டல் இருக்கிறது. அங்கேதான் விமானம் விடுகிறவர்கள் கூடுவார்கள். அதில் சுந்தரவரதன் என்று ஒருவர், பாங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்ரீரங்கம் கோயில் வீதிக்காரர், பெலிண்டாவுக்கும் பழக்கமானவர். நெற்றியில் நாமம், தலையில் தொப்பி, அரைக்கால் சட்டை. நல்ல மனுஷர். “ஆகாசத்துல பாதி தூரம் நான் ஏத்தித் தரேன். அப்புறம் நீங்க பிடிச்சுக்கோங்கோ. பட்டுத் துணியத் தொடறாப்பல தொடணும். லாரி கியர் மாதிரி இழுக்கப்படாது” என்று சொல்லிக் கொடுத்தார்.

லாரி என்று அவர் சொன்னதுதான் வினை. உங்களுக்குத் தெரியும், காந்தி மார்க்கெட்டில் டிரைவர் மீரான் பாய் ஓட்டிய லாரியில் நாற்பது வருஷம் கிளீனராக இருந்தவன் நான். ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் லாரியின் பக்கவாட்டுப் பலகையைத்தான். இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நில். அது கையிலேயே ஊறிப்போனது. விமானம் என்னை விட்டுப் போகும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்து வந்ததும் ஒன்றும் புரியவில்லை. அதன் வலது எனக்கு இடது, எனக்கு வலது அதற்கு இடது. நான் இந்தப் பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் சாய்கிறது. இன்னும் தள்ளினால் இன்னும் சாய்கிறது. நேராக என் தலைக்கு வருகிறது. “ரங்கா! ரங்கா!” என்று சுந்தரவரதன் உட்கார்ந்தேவிட்டார். என் கை தானாக எழும்பி ரிமோட்டின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டியது.

நின்றது மச்சான்! தட்டிய தட்டு மோட்டாரை அணைக்கிற சுவிட்சில் பட்டிருக்கிறது. நாற்பது வருஷம் லாரி நின்ற மாதிரியே பட்டென்று நின்றது. ஆனால் லாரி நின்றால் ரோட்டில் நிற்கும். இது ஆகாசத்தில் அல்லவா நின்றது! போகட்டும் என்று இரண்டு தட்டு தட்டினேன். அதற்குள் பக்கத்து வாழைத் தோப்புக்குள் போய்விட்டது.

தோப்புக்காரர் ரெங்கராஜ் ஒரு தாரில் செருகியிருந்த இறக்கையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். “ஏங்க பெரியவரே, காத்துக்குக் காவல் காக்குறேன், மாட்டுக்குக் காவல் காக்குறேன், உங்களுக்கும் காக்கணுமா?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “சரி, விழுந்தா சொல்லிட்டு உள்ள வாங்க, பாம்பு கெடக்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இறக்கையில் ஒரு விரிசல்தான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதியாக முடிந்திருக்கும். கிளீனர் புத்தி, பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனை எடுத்து நன்றாகத் தடவி, ஆறட்டும் என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். டியூப் ஒட்டினால் பத்து வருஷம் நிற்கிற சொலூஷன் அது. திரும்பி வந்தால் விரிசலைக் காணோம். விரிசல் இருந்த இடத்தையே காணோம். அந்த இறக்கை தெர்மாகோல், சொலூஷன் அதைத் தின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தேன், அந்தப் பக்கம் அமலராணி இடுப்பில் கை வைத்து நின்றாள். “புள்ள கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றாள். மறுநாள் மீன் கடையில் போய், ஐஸ் பெட்டி ஒன்றின் மூடியைக் கேட்டு வாங்கி வந்து, அளவாக வெட்டி, ஒட்டுப் போட்டேன். இந்தத் தடவை பசை எது என்று நாலு பேரைக் கேட்டுத்தான் வாங்கினேன்.

(வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மேலே உள்ளதை எழுதினேன். இப்போது ஞாயிறு மத்தியானம். காலையில் நடந்ததை உடனே எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.)

ஒட்டுப் போட்ட விமானத்தை இன்று சுந்தரவரதன் கையில் வாங்கியதும் மூக்கை உறிஞ்சினார். “என்ன வாசனை இது?” என்றார். டீவி வந்த பெட்டித் தெர்மாகோல் சார் என்றேன். “எந்தச் சமுத்திரத்துல வித்தா அந்த டீவியை?” என்றார். ஆனாலும் கையைத் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டே ஏற்றிக் கொடுத்தார். பெரிய மனசு. நான் வாங்கி இரண்டு சுற்று சுற்றியிருப்பேன். எங்கிருந்தோ ஒரு பருந்து. பின்னாலேயே இன்னொன்று. விமானம் திரும்பினால் அவையும் திரும்புகின்றன. மீன் மூடியின் மகிமை அது! ரெங்கராஜ் வரப்பில் நின்று, “பெரியவரே, கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்குங்க!” என்று கத்துகிறார். முன்னால் போன பருந்து காலை நீட்டியது. நான் விமானத்தை எங்கள் பக்கம் திருப்பி இறக்கப் பார்த்தேன். திரும்பியதும் அதே பழைய தொல்லை. அது என்னைப் பார்த்து வருகிறது, என் இடது பக்கமாகத் தோப்பை நோக்கி ஒதுங்குகிறது. சுந்தரவரதன் “லெஃப்ட்! ரைட்! ஐயோ, லெஃப்ட்!” என்கிறார். என் கை தட்டுவதற்கு எழும்பிவிட்டது. பெலிண்டா சனிக்கிழமை வந்து கேட்கப் போகிறாள், இன்னொரு இறக்கைக்கு எங்கே போவேன்?

அப்போதுதான் மச்சான், மார்க்கெட் சந்து ஞாபகம் வந்தது. லாரியைச் சந்துக்குள்ளிருந்து வெளியே எடுக்கும்போது, முன்னால் நின்று மீரான் பாய் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் குரல் கொடுப்பேன். என் இடது எது, என் வலது எது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. டிரைவருடைய லெப்ட், டிரைவருடைய ரைட், அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் ஒரு சுவர் இடித்ததில்லை. எழும்பிய கையை இறக்கினேன். அந்தச் சின்ன விமானத்துக்குள் மீரான் பாயை உட்கார வைத்தேன். “பாய், உங்க லெப்ட்டுல ஒடிங்க! இன்னும் கொஞ்சம் ஒடி! போதும், நேராக்கு! வா, வா, வா, வா...” என்று பொட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். வாய் சொல்லச் சொல்ல கை செய்தது. பருந்துகள் என் சத்தத்துக்கே பிரிந்து போய்விட்டன. விமானம் புழுதியில் உரசி, குதித்து, ஓடி, என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. குனிந்து அதன் பக்கவாட்டில் மெதுவாக ஒரு தட்டு தட்டினேன்.

“நான் இதைக் கத்துக்க ஒரு வருஷம் ஆச்சு ஓய்!” என்றார் சுந்தரவரதன். மீன் வாசனையை மறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இதை எழுதும்போதும் என் வாய் ‘வா, வா’ என்றுதான் சொல்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

(திங்கள் முதல் வியாழன் வரை இவ்வளவுதான் எழுத முடிந்தது. புடவை அசையாத நேரமெல்லாம் உட்கார முடியவில்லை.)

ஆகையால் மச்சான், முன்னே கேட்டதை மறுபடி கேட்கிறேன். அவள் கேட்டால் ஒட்டுப் போட்டதைச் சொல்லுங்கள், சொலூஷனைச் சொல்லாதீர்கள். இது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாதா உங்கள் குடும்பத்தைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். உங்கள் முழங்கால் வலி குறையட்டும். அமலராணி அன்பைச் சொல்லச் சொன்னாள், முறுக்கையும் ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

இப்படிக்கு, தன் கையால் எழுதிய
சவரிநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். பெலிண்டா ஒரு நாள் முன்னதாக வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டாள். மேஜைமேல் கிடந்த இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தாள். “காலையில போலாம் மாமா” என்று மட்டும் சொன்னாள். இன்று காலை பொட்டலில் ரிமோட்டை அவளே வாங்கினாள். இரண்டு வருஷம் தொடாத கை அல்லவா, விமானம் திரும்பி அவளைப் பார்த்து வந்ததும் திணறினாள். “உன் ரைட் இல்லம்மா, அதோட ரைட்டு!” என்று கத்தினேன். என் கடிதத்தைப் படித்த தோஷமோ என்னமோ, ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டாள். நின்றது. ரெங்கராஜ் இறக்கையோடு வந்து, “இந்த வாட்டி யாருங்க?” என்றார். மச்சான் மகள் என்றேன். “குடும்பத்துக்கே இதான் தொழிலா?” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் காதில், “மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, நான் சூப்பரா ஓட்டுவேன்னு அவரு மணப்பாறை பூரா சொல்லி வச்சிருக்காரு” என்றாள். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேறு கடிதம் எழுத இன்னும் பத்து நாள் ஆகும் என்பதால் இதையே அனுப்புகிறேன். நீங்கள் அவளிடம் எதுவும் பேச வேண்டாம். ஒட்டுப் போட இப்போது இன்னொரு மூடி வாங்கி வந்திருக்கிறோம், இதுவும் மீன் கடையில்தான். பெட்டி பழையபடி அலமாரி மேல் ஏறிவிட்டது. ‘யாரும் தொடாதீங்க’ என்பதற்கு முன்னால் பேனாவால் ஏதோ சேர்த்து எழுதிவிட்டு, “படிங்க மாமா” என்றாள். கட்டிலில் படுத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, நானே படித்தேன்: ‘மாமாவைக் கேட்காம யாரும் தொடாதீங்க.’