ரிஜெக்ட் அண்ணனின் பின்சக்கரம்

சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒடிந்த கம்பிகளை மாற்ற உதவுகிறேன் பேர்வழி என்று, ஒடியாத கம்பிகளையும் முறுக்கி, வட்டமாக இருந்ததை அப்பளமாகப் பொரித்து வைத்தவன் நான். கணக்கு எழுதுகிற கைக்கு இந்த வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் காரமாக.

சக்கரம் ரிஜெக்ட் அண்ணனுடையது. திருப்பூர் பனியனை உலகமே போட்டுக்கொண்டு திரிகிறது. அவர் ஒருவர்தான் இன்னும் எதையும் 'ஓகே' என்று சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் கடைசிச் செக்கிங் அவர் கையில். துணியில் ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி அம்புக்குறி போட்ட குட்டிச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். அதுதான் வேலை. ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போதும் சட்டைப் பையில் ஒரு கத்தை ஸ்டிக்கர் இருக்கும்.

மெஸ்ஸில் கருகிய தோசைக்கு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்கு வெள்ளையடித்தவர் மறுநாள் வந்து பார்த்தால், சுவருக்கு அம்மை போட்டிருந்தது. முதலாளி புதுக்கார் வாங்கிவந்த அன்று எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்க, இவர் குனிந்து பின்கதவில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டார்.

"ஏனுங்க, இது ஷிப்மெண்ட்டுக்குப் போற சரக்கா?" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்படியிருந்தா தனியா எடுத்து வெச்சிருப்பனுங்க. உங்களுதுன்னுதான் ஒட்டுனதோட உட்டுட்டேன்."

குறை தெரிந்தும் அவர் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரே இடம், அந்த சைக்கிளின் கேரியர். அவர் மனைவி தைக்கப் போவது இன்னொரு கம்பெனிக்கு. சாயங்காலம் சங்கு ஊதும்போது அண்ணன் அங்கே கேட்டில் நிற்பார். அக்கா நல்ல வாட்டசாட்டம். ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரம் ஒருமுறை முனகும். அடிக்கடி கம்பி ஒடியும். அதுவும் சங்கிலி ஓடுகிற பக்கமாகப் பார்த்து ஒடியும். பல்சக்கரத்தைக் கழற்றினால்தான் அங்கே புதுக்கம்பி நுழையும். ஊரிலுள்ள கடைக்காரர்கள் கோட்டம் எடுத்து நேராக்கிக் கொடுத்ததையெல்லாம் ரிஜெக்ட் செய்துவிட்டதால், அவரே உட்கார்ந்து மாற்றுவார்.

"கம்பி எப்படிண்ணே ஒடியுது? லோடு ஜாஸ்தியோ?" என்று ஒருநாள் கண்ணடித்தேன்.

"ரோடு சரியில்லீங்க தம்பி."

அவர்களுடையது ஒற்றை அறை வீடு. அதற்குள் அவர் அம்மா, அக்காவின் அப்பா, இரண்டு பையன்கள், ஓயாமல் அலறும் டிவி. புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது 'தண்ணி வந்துச்சா', 'கேஸு தீந்துபோச்சு' என்பதோடு முடிந்துவிடும். ஆனால் பேக்கரி வாசலில் டீ குடித்தபடி அவர்கள் சைக்கிளில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் கத்தியதைக் கேரியரில் உட்கார்ந்தபடியே அக்கா நடித்துக் காட்டுவார். அண்ணன் பாதி திரும்பிய தலையோடு சிரித்துச் சிரித்து மிதிப்பார். தெருநாய்கள் அவர்களை முந்திக்கொண்டு போகும். அந்தக் குடும்பத்தில் அவர்கள் இருவருக்கென்று இருந்த தனியறை, அந்த சைக்கிள்.

அக்காவுக்கு ஓவர்டைம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கொண்டுபோய் விடும்போதே கம்பிகள் ஒடிந்துவிட்டன. மத்தியானம் அண்ணன் காம்பவுண்டில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, புதுக்கம்பிகளை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஆட்டம் தெரிந்த இடங்களில் அம்பு ஒட்டினார். கம்பியின் முனையில் மாட்டும் நிப்பிள் ஒன்று குறைந்தது.

"கடை சாத்தறதுக்குள்ள வாங்கீட்டு வந்தர்றேன். நீங்க தொட்டுப்போடாதீங்க தம்பி."

தொட்டேன். அவர் வருவதற்குள் முடித்து வைத்து அசத்துவோம் என்று ஓர் ஆசை. அம்பு இருந்த இடமெல்லாம் கம்பி தளர்ந்திருக்கிறது என்று நானே தீர்ப்பெழுதி, நிப்பிள் திருகும் சாவியை மாட்டி முறுக்கினேன். இந்தப் பக்கம் இறுக்கினால் அந்தப் பக்கம் வளைந்தது. அதையும் இறுக்கினேன். 'டங்'கென்று ஒரு கம்பி போனது. துணைக்கு இன்னொன்றும் போனது. அண்ணன் திரும்பியபோது சக்கரம் சட்டத்தில் இடித்துக்கொண்டு, சுற்றமாட்டேன் என்று நின்றது.

அவர் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து என் சட்டையில், நெஞ்சுக்கு நேராக ஒட்டினார். பிறகு சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ரிம்மே போச்சுங்க. கடையும் சாத்தியாச்சு."

சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார்.

எனக்குத் தாங்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, என்ற வண்டியில போயிக் கூட்டீட்டு வந்துருங்க. பெட்ரோல் நெறையா இருக்குது. அக்காவும் நோகாம வந்துருவாங்க!"

நின்றார். சாவியை வாங்கிப் பார்த்தார். என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இதுல வந்தா சீக்கிரம் ஊடு வந்துருமுங்க."